மனை கோலுமுன்

மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதவை உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றுமாம். இவற்றுள் உணவு கெட்டால் அதன் நாற்றமே காட்டிக் கொடுக்கும். உடை கிழிந்தால் கண்ணே கண்டுகொள்ளும். உறையுள் அத்தகையதன்று. வீட்டைத் தாங்கும் கடைகால் மண்ணுக்குள் மறைந்திருப்பது. கூரைக்கு வலிமை தரும் இரும்புக் கம்பி கற்காரைக்குள் புதைந்திருப்பது. வெண்சுண்ணம் பூசிய பின் வலிய சுவரும் நலிந்த சுவரும் ஒன்றுபோலவே தோன்றும். ஆதலின், கட்டி முடித்த வீட்டைப் பார்த்து அதன் உறுதியை அறிதல் அரிது. கட்டுவதற்கு முன்பும் கட்டும்போதும் ஆராய்ந்தறிதலே அறிவுடைமையாகும். கட்டட அனுமதி, கட்டட ஆய்வு என்னும் இரண்டும் இவ்வுண்மையிலிருந்தே தோன்றின.

வீடு கட்டுவோனைச் சட்டத்தால் கட்டுப்படுத்தும் முயற்சி மிகப் பழமையானது. ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன்பு பாபிலோன் நாட்டை ஆண்ட அம்முராபி என்னும் மன்னன், தன் சட்டங்களைக் கருங்கல் தூண் ஒன்றில் பொறித்து வைத்தான். அத்தூண் இன்றும் பாரிசு நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. கொத்தன் கட்டிய வீடு இடிந்து வீட்டுக்குரியவன் இறந்தால் அக்கொத்தனுக்குக் கொலைத் தண்டனை. வீட்டுக்குரியவனின் மகன் இறந்தால் கொத்தனின் மகனுக்குக் கொலைத் தண்டனை என்று அச்சட்டம் விதித்தது. கடுமையில் இதற்கு மேற்பட்ட சட்டம் இல்லை எனலாம். ஆயினும் இதனால் விளைந்த நன்மை யாது? இடிபாட்டில் இறந்தவன் மீண்டு வரவில்லை; குற்றமற்ற மற்றொரு சிறுவனும் உயிரிழக்க நேர்ந்தது. வீடு விழுந்த பின் வருகின்ற நீதி எத்துணைக் கடுமையாயினும் காலம் கடந்த நீதியே அன்றோ?

விழுந்த பின் ஒறுப்பதினும் விழாமற் காப்பது மேல் என்னும் பாடத்தை இலண்டன் மாநகரம் பெருந்துன்பத்தின் வாயிலாகக் கற்றது. 1666-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள், அந்நகரத்து ரொட்டிக்கடை ஒன்றில் தீப் பற்றியது. அக்காலத்து வீடுகள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. குறுகிய தெருக்களின் இரு மருங்கிலும் மேல்மாடிகள் வெளியே நீட்டிக்கொண்டு, எதிர் வீட்டை எட்டித் தொடுவன போல நின்றன. எனவே, தீ ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டிற்குத் தாவுவதற்குத் தடையே இல்லாது போயிற்று. நான்கு நாட்களில் 13,200 வீடுகளும் 87 கோயில்களும் எரிந்து சாம்பலாயின.

நகரை மீண்டும் எழுப்புவதற்காக 1667-இல் ஆங்கில நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வெளிச் சுவர்களைச் செங்கல்லாலோ கருங்கல்லாலோ கட்டவேண்டும். வீடுகள் நான்கு வகைக்குள் அமையவேண்டும். ஒவ்வொரு வகைக்கும் இத்தனை மாடி, இவ்வளவு கனமுள்ள சுவர் என அச்சட்டம் வரையறுத்தது. இவற்றினும் சிறந்ததோர் ஏற்பாடும் அதில் இருந்தது. வீடு கட்ட விரும்புவோர் முதலில் நகராட்சிக் கருவூலத்தில் 6 ஷில்லிங் 8 பென்ஸ் கட்டிப் பற்றுச்சீட்டுப் பெறவேண்டும். அதன் பின்னர் நகர அளவையாளர் மனைக்கு நேரில் வந்து, எல்லை பார்த்து, முளையடித்துக் கொடுப்பார். அதற்குப் பின்னரே கடைகால் எடுக்கலாம். அவ்வாறு முளையடித்த அளவையாளருள் ஒருவர் இராபர்ட் ஊக் என்பவர். நுண்ணோக்கியில் தக்கையை வைத்து நோக்கி, உயிரணுவுக்கு ஆங்கிலப் பெயர் சூட்டிய அறிவியலறிஞர் அவரே. நுண்பொருளைக் கண்ட அதே கண்கள், சாம்பல் மேட்டிடையே தெருத்தெருவாகச் சென்று அண்டை வீட்டாரின் எல்லையையும் கண்டு உரைத்தன. இன்றைய அனுமதிச் சீட்டுக்கும் மனை ஆய்வுக்கும் இவ்வேற்பாடு நல்லதோர் முன்மாதிரி எனலாம்.

கட்டுவதற்கு முன் அளந்து குறித்தல் தமிழர்க்கும் புதியதன்று. கட்டட நூலறிந்தோர் கோல்நட்டு, நண்பகல் நிழலால் திசையறிந்து, நூல்பிடித்து அரண்மனைக்கு இடம் வகுத்த செய்தியை நெடுநல்வாடை கூறுகின்றது. இன்றும் கொத்தனார் முளையடித்து நூல் கட்டிய பின்னரே வானம் தோண்டத் தொடங்குகின்றார். ஆனால் மனைக்குரியவன் தன் இடத்தை அளந்துகொள்வது ஒன்று. அவன் கட்டப்போவது தெருவுக்கும் ஊருக்கும் ஏற்றதா என்று ஊராட்சி ஆராய்வது மற்றொன்று. பின்னதைச் செய்வதற்கே சட்டங்கள் எழுந்தன. சென்னை மாகாணத்தில் 1920-இல் நகர அமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. 2019-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வெளியிடப்பட்டன. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எனப் பலவாறு சிதறிக் கிடந்த விதிகள் அவற்றால் ஒரு தொகுப்பாயின.

அனுமதி வேண்டுவோர் மனை தமக்குரியது என்பதற்குச் சான்றும், மனையின் எல்லை காட்டும் படமும், பதிவு பெற்ற பொறியாளர் அல்லது கட்டடக் கலைஞர் வரைந்த வரைபடமும் அளிக்கவேண்டும். அவ்வரைபடத்தில் ஆராயப்படுவன பல. மனையைச் சுற்றி விடவேண்டிய வெற்றிடம் விடப்பட்டுள்ளதா? கட்டடத்தின் உயரம் எதிரேயுள்ள தெருவின் அகலத்திற்குப் பொருந்துவதா? படிக்கட்டு போதிய அகலமுடையதா? கழிவுநீர்த் தொட்டி குடிநீர்க் கிணற்றுக்கு அணித்தாக இராமல் சேய்மையில் உள்ளதா? மழைநீரை நிலத்துக்குள் செலுத்த வழி உண்டா? இவையெல்லாம் வரைதாளிலேயே பார்க்கப்படுகின்றன. தாளில் ஒரு கோட்டை அழித்து மாற்றி வரைய ஒரு நாழிகை போதும். எழுப்பிய சுவரை இடித்து மாற்றவோ பெரும்பொருளும் பல நாட்களும் வேண்டும்.

இவ்விதிகளைச் சிலர் வீண் தடை என எண்ணுவர். 'என் மனை, என் பணம், நான் விரும்பியவாறு கட்டுவேன், இடையில் ஊராட்சிக்கு என்ன வேலை?' என்பது அவர் கேள்வி. நன்கு எண்ணினால் ஒவ்வொரு விதிக்கும் பின்னே பிறனொருவன் நலம் நிற்பது புலனாகும். பக்கத்தில் விடும் வெற்றிடம் அண்டை வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் தருவது. தீப்பற்றிய காலத்தில் தீயணைப்போர் நுழைவதற்கு வழியாவது. கழிவுநீர்த் தொட்டி தவறான இடத்தில் அமைந்தால், கெடுவது அயலான் கிணற்று நீருமாகும். ஒருவன் தன் மனைக்குள்ளேயே கட்டினாலும் அவன் கட்டடத்தின் நிழல் மனைக்கு வெளியே விழுகின்றது. அது சாயுமாயின் சுமையும் வெளியேதான் விழும். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு வேண்டும் என்று கட்டாயமாக்கப்பட்டது. ஒரு வீட்டுக் கூரையில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கினால், அத்தெருவின் கிணறுகளும் பயன்பெறும் அன்றோ?

படிக்கட்டு, கூரை ஆகியவற்றைப் பற்றிய விதிகளின் பொருளைத் தமிழகம் கண்ணீரோடு அறிந்த நாள் ஒன்றுண்டு. 2004-ஆம் ஆண்டு சூலை 16-ஆம் நாள், கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சமைக்கும் இடத்தில் எழுந்த தீ, மேல்மாடி வகுப்பறையின் கீற்றுக் கூரையைப் பற்றியது. வெளியேறும் வழியோ குறுகியது. இளஞ்சிறார் 94 பேர் உயிரிழந்தனர். ஓலைக்குப் பதிலாகத் தீப்பற்றாத கூரையும், ஒன்றுக்கு இரண்டாக அகன்ற படிக்கட்டுகளும் வேண்டும் என்று விதி கூறுமிடத்து, அதனை வெறும் எழுத்து எனக் கருதலாகாது. அந்நிகழ்ச்சிக்குப் பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. இன்று ஒரு மாணவன் உறுதியான கூரையின்கீழ் அமர்ந்து படிக்கின்றான் என்றால், அதற்குப் பின்னே அந்தத் துயரம் இருக்கின்றது.

அனுமதி பெற்றுவிட்டால் போதுமா எனின், போதாது. வரைபடம் சொல்வது ஒன்று. கட்டுமிடத்தில் நடப்பது மற்றொன்றாக இருக்கலாம். அதனாலேயே ஆய்வு வேண்டப்படுகின்றது. ஆய்வுக்கு உரிய காலமும் உண்டு. ஒரு பகுதி மறையப்போகும் தருணமே அதனை ஆராய வேண்டிய தருணமாகும். வானம் தோண்டியதும் மண்ணின் இயல்பைப் பார்க்கவேண்டும். கரிசல் மண் மழைக்காலத்தில் பருத்துக் கோடையில் வெடிக்கும் இயல்பினது. செம்மண்ணுக்கு ஏற்ற கடைகால் அதற்கு ஏலாது. தளம் போடுமுன் கம்பிகளின் பருமனும் இடைவெளியும் வரைபடத்தின்படி உள்ளனவா என்று எண்ணிப் பார்க்கவேண்டும்; கம்பியைச் சுற்றிலும் கற்காரை போதிய கனத்தில் சூழுமா என்றும் காணவேண்டும். கற்காரை கொட்டிய பின் இவற்றைக் காண இயலாது. கொட்டிய பின்னரும் பாத்தி கட்டி நீர் நிறுத்திப் பல நாட்கள் ஈரம் காத்தல் வேண்டும். கற்காரையின் வலிமையை வழக்கமாக 28 நாட்கள் கழித்தே மதிப்பிடுவர். பொறுமையற்றுச் சாரத்தை முன்னரே பிரித்தால் தளம் தொய்யவும் இடியவும் கூடும். வேலை முடிந்த பின், கட்டடம் அனுமதித்தபடி அமைந்துள்ளதா என ஆராய்ந்து நிறைவுச் சான்று அளிக்கின்றனர். விதிகள் குறிக்கும் வகையைச் சேர்ந்த கட்டடங்களுக்கு அச்சான்று பெற்ற பின்னரே மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் கிடைக்கும்.

அனுமதிச் சீட்டு மட்டும் ஒரு கட்டடத்தைத் தாங்காது என்பதற்குச் சென்னையை அடுத்த மவுலிவாக்கம் சான்று பகரும். அங்கே கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம், 2014-ஆம் ஆண்டு சூன் 28-ஆம் நாள் மாலையில் மழை பெய்துகொண்டிருந்தபோது சரிந்து வீழ்ந்தது. திட்ட அனுமதி பெற்ற கட்டடமே அது. 61 பேர் மாண்டனர். அயல் மாநிலங்களிலிருந்தும் தொலைவூர்களிலிருந்தும் கூலி வேலைக்கு வந்த ஏழை மக்களும் அவர்களுள் இருந்தனர். மழையின்மீதும் இடியின்மீதும் முதலில் பழி போடப்பட்டது. பின்னர் ஆராய்ந்தபோது, சுமையைத் தாங்கும் வலிமை தூண்களுக்கு இல்லை என்பது வெளிப்பட்டது. அருகில் நின்ற இணைக் கட்டடமும் 2016-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. வரைபடத்தையும் தூணையும் கட்டுமிடத்தையும் உரிய காலத்தில் உண்மையாக ஆராயாவிடில், அனுமதி என்பது முத்திரை குத்திய தாளாகவே நின்றுவிடும்.

அனுமதியை மீறிக் கட்டுவதன் விளைவை வங்காளதேசம் கண்டது. டாக்கா நகரை அடுத்த சவாரில் இராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. அதன் மேல்மாடிகள் அனுமதியின்றி எழுப்பப்பட்டவை. 2013-ஆம் ஆண்டு ஏப்பிரல் 23-ஆம் நாள் சுவர்களிலும் தூண்களிலும் பெரும் வெடிப்புகள் தோன்றின. கீழே இருந்த வங்கி தன் பணியாளரை உடனே வெளியேற்றியது. ஆடைத் தொழிலாளரோ மறுநாள் வேலைக்கு வருமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். அன்று காலையிலேயே கட்டடம் வீழ்ந்தது. 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எச்சரிக்கை ஒன்றே, அதற்குச் செவிசாய்த்தோர் பிழைத்தனர்.

அனுமதி பெறுவதில் காலத்தாழ்வும் அலைச்சலும் உண்டு என்னும் குறையை முற்றிலும் தள்ளிவிட இயலாது. நேர்வழி நெடிதாயின் மக்கள் குறுக்குவழி தேடுவர். அதனை உணர்ந்தே, 2024-ஆம் ஆண்டு சூலையில் தமிழ்நாட்டில் தற்சான்று முறை தொடங்கப்பட்டது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாத பரப்பில் சிறு வீடு கட்டுவோர், விதிகளுக்கு உட்பட்டே கட்டுவதாகத் தாமே உறுதி கூறி இணையவழியில் உடனே அனுமதி பெறலாம். இம்முறையால் ஆராயும் கடமை அற்றுப்போகவில்லை. அது வீட்டுக்குரியோரின் தோளுக்கும் அவர்தம் பொறியாளரின் தோளுக்கும் மாறியுள்ளது. முன்பு அதிகாரி பார்க்கவேண்டிய கம்பியை இப்போது வீட்டுக்குரியோர் தாமே பார்த்தல் வேண்டும். பிறர் கண்காணியாதபோதும் நேர்மையாக நடப்பவனே நல்ல குடிமகனாவான்.

வீடு கட்டுவோர் நல்ல நாள் பார்க்கின்றனர். பூசை செய்து கால்கோள் விழா நடத்துகின்றனர். அந்நாளுக்கு முன்பாக வரைபடத்தை ஊராட்சி அலுவலகத்திற்கு எடுத்துச் செல்லும் நாளும் நல்ல நாளே. ஒரு வீடு கட்டுவோனின் ஆயுளைக் கடந்து நிற்பது; அவன் பிள்ளைகளும், அவர்கள் பிள்ளைகளும், பெயரறியாத குடியிருப்போரும் அதன் கூரையின்கீழ் உறங்கப்போகின்றனர். தூண் எவ்வாறு அமைந்தது, கம்பி எத்தனை இடப்பட்டது என்று அவர்கள் கேட்கப்போவதில்லை. கேட்டாலும் பார்க்க இயலாது. அவர்கள் பொருட்டு, பார்க்க இயலும் காலத்திலேயே பார்த்து வைப்பது கட்டுவோர் கடமையாகும்.