காண்டலும் பார்த்தலும்: பாரிஸ் லாசப்பல் வழக்கில் பார்வை வினைகள்

முன்னுரை

ஆங்கிலத்தின் ‘சீ’ என்னும் சிறு வினை காண்டல், அறிதல், சந்தித்தல், கவனித்தல் எனப் பல பொருள்களைத் தாங்கி நிற்கிறது. பார்வை வினைகள் இவ்வாறு விரிவது பல மொழிகளுக்கும் பொது. விரியும் திசை மட்டும் மொழிக்கு மொழி, வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும். மூன்றாம் உலகத் தமிழ் மாநாடு 1970இல் நடைபெற்ற பாரிஸ் மாநகரின் லாசப்பல் பகுதி இதனை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். 1983க்குப் பின் பெருமளவில் வந்த ஈழத்தமிழரின் பேச்சும், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரித் தமிழரின் பேச்சும், பிரெஞ்சும் அங்கே ஒருங்கே ஒலிக்கின்றன.

காண்

பிரெஞ்சில் கண்ணிற் படுவதைக் காண்பது ‘வுவார்’. கருத்தூன்றி நோக்குவது ‘ருகார்தே’. தமிழில் இவற்றுக்கு நெருங்கியவை காண், பார் என்பன. தமிழகப் பேச்சில் ‘காண்’ பெரும்பாலும் ‘காணோம்’ போன்ற எதிர்மறை வடிவங்களில் ஒடுங்கிவிட்டது. யாழ்ப்பாணத் தமிழிலோ ‘அவரைக் கண்டனான்’ என்பது இன்றும் இயல்பான பேச்சு. மேலும், ‘காணும்’ என்றால் அங்கே ‘போதும்’ என்பது பொருள். ‘காணாது’ என்றால் ‘போதாது’. உணவு பரிமாறுகையில் ‘காணும்’ என்பவர் எதனையும் காணவில்லை, நிறுத்தச் சொல்கிறார்.

பார்

வேலை பார்த்தல், சாதகம் பார்த்தல், பிள்ளையைப் பார்த்தல் என்பவற்றில் ‘பார்’ முறையே செய்தல், கணித்தல், பேணல் ஆகிய பொருள்களைத் தருகிறது. துணைவினையாகும்போது அமைப்பே பொருளைத் தீர்மானிக்கும். ‘கேட்டுப் பார்’ என்பது முயன்றறிதல். ‘விழப் பார்த்தான்’ என்பது விழும் நிலைக்கு வந்து தப்பியது. பிரெஞ்சுப் பேச்சிலும் ‘மோந்த்ர் வுவார்’ (காட்டு, பார்ப்போம்) என ஏவலின் பின் ‘வுவார்’ வருவது ஒப்புநோக்கத்தக்கது.

ஒரு செய்தி புரிந்ததும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ‘நான் காண்கிறேன்’ என்னும் பொருள்படச் சொல்வர். தமிழர் ‘எனக்கு விளங்குகிறது’ என்பர். விளங்குதல் ஒளிர்தல் ஆதலின், இங்கே செயல் கண்ணுடையது அன்று. பொருளே ஒளிர்ந்து நான்காம் வேற்றுமை ஏற்ற அறிபவரை வந்தடைகிறது.

மொழிபெயர்ப்பில் நேரும் இடர்

‘அவரைப் பார்த்துக்கொண்டு நின்றனான்’ என்று புகலிடம் கோரும் ஈழத்தமிழர் ஒருவர் விசாரணையில் கூறுவதாகக் கொள்வோம். ‘அவருக்காகக் காத்து நின்றேன்’ என்பதே அவர் கருத்தாக இருக்கலாம். வட்டார வழக்கறியாத மொழிபெயர்ப்பாளர் அதனை ‘அவரைக் கண்காணித்து நின்றேன்’ எனப் பெயர்த்தால், காத்திருந்தவர் வேவு பார்த்தவராகிவிடுவார். சொல்லுக்குச் சொல் சரியாகவே இருந்தும் வாக்குமூலம் பிழைபடும்.

முடிவுரை

19ஆம் நூற்றாண்டில் மூசே, துப்புயி ஆகிய பாதிரிமார் புதுச்சேரியில் வெளியிட்ட தமிழ்–பிரெஞ்சு அகராதி தமிழகக் கரையில் உருவானது. இன்றைய லாசப்பலிலோ ஈழ வழக்கு மேலோங்கி நிற்கிறது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இலங்கை வழக்கைத் தனியே சுட்டுவதுபோல, இருமொழி அகராதிகளும் வினையின் பொருளோடு அது வரும் தொடரமைப்பையும் வழங்கும் வட்டாரத்தையும் பதிவு செய்தல் வேண்டும். புலம்பெயர்ந்த சூழலில் அது புலமைத் தேவை மட்டுமன்று. ஒருவர் சொன்னது சொன்னபடியே கேட்கப்படுவதற்கான உறுதியும் ஆகும்.