கன்று ஈனும் பசுவும் ஈஸ்ட் தூளும்



தெம்பனிஸ் நிலையத்தில் டவுன்டவுன் தடத்து ரயிலில் ஏறினால், வண்டி மாறாமலேயே லிட்டில் இந்தியாவில் போய் இறங்கலாம். இறங்கிய இடத்துக்கு அருகிலேயே எருமையின் பெயரைத் தாங்கிய பஃபலோ ரோடு இருக்கிறது. கேகே மருத்துவமனை என்று நாம் சுருக்கிச் சொல்லும் பெயரின் விரிவு கண்டாங் கெர்பாவ். மலாய் மொழியில் அதற்கு எருமைத் தொழுவம் என்று பொருள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த வட்டாரம் மாட்டு வணிகத்தால் செழித்தது. இன்று தெம்பனிஸ் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நமக்கு மாடு கட்ட இடமில்லை. ஆனாலும் ஊரில் அண்ணன் வீட்டிலோ மாமன் வீட்டிலோ கறவை மாடு வைத்திருப்பவர்கள் நம்மில் உண்டு. "மாடு கன்று போடப் போகிறது, ஈஸ்ட் தூள் கொடுத்தால் பால் கூடுமாம், பணம் அனுப்பு" என்று அங்கிருந்து கேட்டால், நாம் என்ன பதில் சொல்வது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் பசுவின் வயிற்றைத் தெரிந்துகொள்வோம். அதன் வயிற்றில் நான்கு அறைகள் உள்ளன. அவற்றுள் முதலாவதான பெருவயிறு, பெரிய பசுவுக்கு நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும் ஒரு நொதிப்புத் தொட்டி. அதிலுள்ள நீரில் ஒரு மில்லிலிட்டர் எடுத்தால், அதற்குள் ஏறக்குறைய ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். வைக்கோலையும் புல்லையும் சிதைத்து, பசுவுக்குச் சக்தியாக மாற்றித் தருபவை இவைதாம். ஆகவே பசுவுக்கு உணவிடுகிறோம் என்றால், முதலில் இந்த நுண்ணுயிர்களுக்கு உணவிடுகிறோம் என்றே பொருள்.

கன்று ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பும் பின்பும் பசுவுக்கு மிக ஆபத்தான காலம். ஈனும் நாள் நெருங்க நெருங்க அது தீனியைக் குறைத்துக்கொள்கிறது. இந்தக் குறைவு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூடப் போகலாம். கன்று பிறந்ததும் பால் வேகமாகச் சுரந்து, நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் உச்சத்தை எட்டுகிறது. தீனி உண்ணும் அளவோ அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான் உச்சத்துக்கு வருகிறது. வரவைவிடச் செலவு மிகுந்த குடும்பம் சேமிப்பைக் கரைப்பதுபோல, பசு தன் உடம்புக் கொழுப்பைக் கரைக்கிறது. கொழுப்பு அளவுக்கு மீறிக் கரைந்தால் ஈரல் கெடும். கீட்டோசிஸ் என்னும் நோய் வரும்.

இதைக் கண்டு பயந்த உரிமையாளர், தவிடும் பிண்ணாக்கும் மாவும் கலந்த அடர்தீவனத்தை ஒரேயடியாகக் கூட்டிவிடுகிறார். இங்கேதான் இரண்டாவது ஆபத்து. மாவுச்சத்து விரைவாக நொதித்து லாக்டிக் அமிலம் பெருகுகிறது. வைக்கோலைச் செரிக்கும் பாக்டீரியாக்களுக்கு அமிலம் ஆகாது. அவை குறைந்தால் பசு தீனி எடுக்காது. பாலில் கொழுப்புக் குறையும். நாளடைவில் குளம்பும் கெடும்.

இந்த இடத்தில்தான் ஈஸ்ட் உதவுகிறது. ரொட்டி மாவை உப்ப வைக்கும் அதே இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்தான் இது. பெருவயிற்றின் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழ்பவை. தீனியோடு உள்ளே நுழையும் சிறிதளவு ஆக்சிஜனை உயிருள்ள ஈஸ்ட் எடுத்துக்கொள்கிறது. அதனால் நார்ச்சத்தைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் தழைக்கின்றன. லாக்டிக் அமிலத்தை உண்டு குறைக்கும் பாக்டீரியாக்களும் ஊக்கம் பெறுகின்றன. ஆனால் ஈஸ்ட் பெருவயிற்றில் நிலையாகக் குடியேறிப் பெருகுவதில்லை. அதனால்தான் அதை நாள்தோறும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இனிப் பலனைப் பார்ப்போம். பல நாடுகளில் செய்த சோதனைகளை ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டபோது, பால் கூடியது உண்மை; ஆனால் சராசரியாக அது ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்கும் குறைவே. அடர்தீவனம் மிகுதியாகத் தின்று நிறையப் பால் தரும் கலப்பினப் பசுவிடம் இப்பலனை எதிர்பார்க்கலாம். வைக்கோலும் மேய்ச்சல் புல்லும் தின்று இரண்டு மூன்று லிட்டர் கறக்கும் நாட்டு மாட்டுக்கு அமிலத் தொல்லை வருவதே அரிது. அதற்கு இது தேவைப்படாது. கூடுதலாகக் கிடைக்கும் அரை லிட்டர் பாலின் விலையையும், ஒரு நாள் தூளின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் முடிவு தானே தெரியும்.

வாங்குவது என்று முடிவு செய்தால் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். மது ஆலைகளிலிருந்து வரும் உலர்ந்த, உயிரற்ற ஈஸ்ட் வேறு. அது புரதமும் பி வைட்டமின்களும் தரும் நல்ல உணவு, அவ்வளவே. நாம் சொல்லும் வேலையைச் செய்வது உயிருள்ள ஈஸ்ட். பொட்டலத்தில் ஒரு கிராமில் எத்தனை உயிரணுக்கள் என்ற கணக்கும், காலாவதித் தேதியும், அன்றாட அளவும் அச்சிட்டிருக்க வேண்டும். தூளை ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். கொதிக்கும் கஞ்சியில் கலந்து வைத்தால் ஈஸ்ட் செத்துவிடும். கொடுத்த காசும் வீணாகும். ஆறிய தீவனத்தில்தான் கலக்க வேண்டும். ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பே தொடங்குவது நல்லது.

நேயர்களே, ஈஸ்ட் மருந்து அன்று. ஈன்ற பசு எழுந்திருக்க முடியாமல் கிடந்தால், அது சுண்ணாம்புச்சத்துக் குறைவால் வரும் பால் காய்ச்சலாக இருக்கலாம். தாமதம் உயிரையே வாங்கிவிடும். உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். மற்ற நாள்களில், அடர்தீவனத்தை ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுவதும், நல்ல வைக்கோலும் பசும்புல்லும் குறையாமல் போடுவதும், தண்ணீர்த் தொட்டி வற்றாமல் பார்த்துக்கொள்வதுமே முதல் வேலை. ஊரிலிருந்து தொலைபேசி வந்தால், இவற்றைச் சரியாகச் செய்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். தூளுக்குப் பணம் அனுப்புவதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.