அணையாக் காளவாய்

சுண்ணாம்பு மாந்தர் வாழ்க்கைக்கு இன்றியமையாத பொருள்களுள் ஒன்று. சுவர் எழுப்புவோனும், தோல் பதனிடுவோனும், இரும்பு உருக்குவோனும், நிலத்தின் புளிப்பை மாற்ற விழையும் உழவனும் அதனை வேண்டி நிற்பர். விக்டோரியா அரசியார் காலத்து இங்கிலாந்தில் தொழிற்சாலைகள் பெருகப் பெருக, அதன் தேவையும் பெருகிற்று. அத்தேவையை நிறைவேற்ற எழுந்த காளவாய் ஒன்றன் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

யார்க்ஷையர்ப் பகுதியில் செட்டில் என்னும் ஊருக்கு வடக்கே லாங்கிளிஃப் என்னும் சிற்றூர் உளது. அதன் மருங்கில் சுண்ணாம்புக்கற் பாறை நெடிதுயர்ந்து நிற்கின்றது. கிரேவன் சுண்ணாம்புக் கம்பெனியார் 1873-ஆம் ஆண்டில் அப்பாறையின் அடியில் ஒரு பெருங் காளவாயைக் கட்டினர். செட்டிலினின்று கார்லைல் நகருக்குச் செல்லும் இருப்புப்பாதை அப்பொழுது இடப்பட்டு வந்தது. 1875-இல் அதிற் சரக்கு வண்டிகள் ஓடலாயின. நிலக்கரி வந்திறங்கவும், சுண்ணாம்பு ஏறிச்செல்லவும் அதுவே வழியாயிற்று.

சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 900 பாகை சென்டிகிரேடு வெப்பத்திற் சுட்டால், அதனுள் அடங்கிய கரியமில வாயு நீங்கும். தூய கல் 100 மணங்கு இட்டால், எஞ்சும் சுண்ணாம்பு 56 மணங்கேயாம். ஒருமுறை சுட்டபின் ஆறவிட்டு மீண்டும் மூட்டும் காளவாய்களில், ஒவ்வொரு முறையும் சூடு வீணாய்க் கழியும். இக்குறையை நீக்க ஜெர்மானியராகிய ஃபிரீட்ரிக் ஹாஃப்மன் என்பார் ஒரு வழி கண்டு, 1858-இல் அதற்குத் தனியுரிமை பெற்றார். லாங்கிளிஃப் காளவாய் அம்முறையில் அமைந்ததே.

அதில் 22 அறைகள் வளையம்போல் ஒன்றையொன்று தொடர்ந்துள்ளன. அறையினுட் கல்லை அடுக்கி வாயிலை அடைப்பர். மேற்றளத்துத் துளைகளின் வழியே நிலக்கரியைச் சிறிது சிறிதாய்ச் சொரிவர். உட்புகும் காற்று, முன்னமே வெந்த அறைகளைக் குளிர்வித்துத் தான் சூடேறி நெருப்பை அடையும். நெருப்பைக் கடந்த வெம்புகை, அடுத்துள்ள பச்சைக்கல்லை உலர்த்திக் காய்ச்சிவிட்டுப் புகைபோக்கியை அடையும். இங்ஙனம் கல் நின்ற இடத்தே நிற்க, நெருப்பே அறைதோறும் நகர்ந்து, ஏறக்குறைய ஆறு வாரத்தில் ஒருமுறை வலம்வரும். ஒருபுறம் அடுக்கவும் மறுபுறம் வாரவும் வேலை ஓயாது நடைபெறும்.

நிலக்கரிச் செலவு குறைந்தது மெய்யே. ஆயின் உழைப்போர் பாடு குறைந்திலது. கல்லை அடுக்குதலும் சுண்ணாம்பை வாரி வண்டியில் ஏற்றுதலும் கையாலேயே நிகழ்ந்தன. நெருப்பு நகர்ந்துகொண்டேயிருத்தலின், அறை முற்றும் ஆறுமட்டும் காத்திருத்தல் இயலாது. சூடு தணியாத அறையினுள்ளே ஆட்கள் புகுந்தனர். நீறாத சுண்ணாம்போ ஈரம் பட்டவுடன் கொதிக்கும் இயல்பினது. வியர்வையிற் படிந்தால் தோலைப் புண்ணாக்கும். கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடாம். மரவண்டியில் ஏற்றிய சுண்ணாம்பினுள் மழைநீர் புகின், வண்டியே தீப்பற்றவுங் கூடும்.

இங்ஙனம் ஆள்வலியை மிகுதியும் வேண்டிய இக்காளவாய் 1931-இல் ஓய்ந்தது. 1937-இல் மீண்டும் மூட்டப்பட்டு, 1939-இல் முற்றும் அணைந்தது. நெடும் புகைபோக்கி இன்று இல்லை. வளைந்த கூரையுடைய அறைகளோ, பாதுகாக்கப்பட்ட தொல்சின்னமாய் நிலைத்துள்ளன; காண்போர் உட்சென்று உலாவலாம். அவற்றைப் புகழுங்கால் ஹாஃப்மனின் நுண்ணறிவைப் போற்றுகின்றோம். அவ்வெம்மையினுட் புகுந்து கல்லடுக்கினோர் பெரும்பாலார் பெயரை யாம் அறியோம். எனினும், அவர்தம் உழைப்பையும் உடன் நினைத்தல் நம் கடனாம்.