டவுன்லோடு கட்டளை சரியாத்தான் இருக்கு... அப்புறம் ஏன் சொதப்புது? ஹோம் ஃபோல்டரில் ஒளிந்திருக்கும் ஃபைல்தான் காரணமா?

அதே கட்டளைதான். உங்கள் டீமில் இருப்பவரின் லேப்டாப்பில் ஓடுகிறது, சர்வரிலும் ஓடுகிறது. உங்கள் மெஷினில் மட்டும் டவுன்லோடு ஆன ஃபைல் திறக்க மாட்டேன் என்கிறது. நெட் நன்றாக இருக்கிறது. லிங்க் சரி. எழுத்துப் பிழையும் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் கான்ஃபிக் ஃபைலை!

எந்தக் கருவிகள்?

டெர்மினலில் இருந்து டவுன்லோடு செய்ய அதிகம் பயன்படுபவை கர்ல், டபிள்யூகெட் ஆகிய இரண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க், கர்லை அந்தப் பெயரில் 1998-ல் வெளியிட்டார். மேக்கில் இது கூடவே வருகிறது. 2018 முதல் விண்டோஸ் 10-லும் சேர்க்கப்பட்டது. டபிள்யூகெட், குனூ திட்டத்தைச் சேர்ந்தது.

இரண்டுக்கும் ஒரு பொதுவான பழக்கம் உண்டு. நீங்கள் என்டர் தட்டியதும், நீங்கள் டைப் செய்ததை மட்டும் அவை பார்ப்பதில்லை. முதலில் உங்கள் ஹோம் ஃபோல்டரில் ஒரு ஃபைலைத் தேடும். கர்லுக்கு அது 'டாட் கர்ல்ஆர்சி', டபிள்யூகெட்டுக்கு 'டாட் டபிள்யூகெட்ஆர்சி'. அதில் எழுதியிருப்பதெல்லாம் உங்கள் கட்டளையோடு சத்தமில்லாமல் சேர்ந்துகொள்ளும்.

டீக்கடையை நினைத்துப் பாருங்கள். தினமும் போகிறவருக்கு 'சர்க்கரை இல்லாம' என்று மாஸ்டருக்கே தெரியும். வசதிதான். ஆனால், அவர் ஒருநாள் நண்பருக்காக 'ஒரு டீ' என்று சொன்னாலும் சர்க்கரை இல்லாத டீதான் வரும். கான்ஃபிக் ஃபைலும் அப்படித்தான்.

பெயர் புள்ளியில் தொடங்குவதால் லினக்ஸ், மேக்கில் சாதாரணமாகப் பட்டியலிட்டால் இந்த ஃபைல்கள் கண்ணில் படாது. 'எல்எஸ்' கட்டளையோடு ஹைஃபன் ஏ சேர்த்தால்தான் தெரியும். எப்போதோ எழுதிவிட்டு மறந்துபோவது அதனால்தான்.

ஒரே ஒரு வரி என்ன செய்துவிடும்?

* 'இன்க்ளூட்': சர்வர் அனுப்பும் ஹெடர்களையும் சேர்த்துக் காட்டச் சொல்லும் வரி. ஏபிஐ டெஸ்ட் செய்யும்போது உதவும். ஆனால், ஃபைல் டவுன்லோடு செய்தால் அந்த ஹெடர்களும் ஃபைலின் தலையில் போய் உட்காரும். கம்ப்ரஸ் செய்த டார் ஃபைல் பிரியாது, செக்சம் பொருந்தாது.

* 'ப்ராக்ஸி': ஆபீஸ் நெட்வொர்க்குக்காக எழுதிய வரி. லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போனால், இல்லாத ப்ராக்ஸியைத் தேடி கர்ல் தோற்றுப்போகும். பிரவுசர் இந்த ஃபைலைப் படிக்காது என்பதால் அது நன்றாக ஓடும். குழப்பமே அங்கேதான்.

* 'ஹெடர்': ஒரு ஏபிஐ-க்கான டோக்கனை இந்த வரியில் எழுதி வைத்தால், அது அந்த ஒரு தளத்துக்கு மட்டும் போகாது. நீங்கள் கர்ல் மூலம் தொடும் எந்தத் தளத்துக்கும் போகும்! கட்டளையில் வேறொரு புது ஹெடர் கொடுத்தாலும் பழையது அழியாது. இரண்டும் சேர்ந்தே போகும்.

* 'இன்செக்யூர்': இதுதான் ரொம்ப ஆபத்து. ஏதோ ஒரு டெஸ்ட் சர்வரின் சர்டிஃபிகேட் பிரச்னையைத் தாண்டுவதற்காகச் சேர்த்திருப்போம். அன்றிலிருந்து எல்லா டவுன்லோடுக்கும் சர்டிஃபிகேட் சரிபார்ப்பு நின்றுவிடும். இன்க்ளூட், ப்ராக்ஸி வரிகளாவது எர்ரர் காட்டிச் சொதப்பும்; இது எதையும் காட்டாது. நடுவில் ஒருவர் ஃபைலை மாற்றி அனுப்பினாலும் கர்ல் வாங்கிக்கொள்ளும். இணையத்தில் இருந்து இன்ஸ்டால் ஸ்கிரிப்டை இழுத்து அப்படியே ஷெல்லில் ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பாஸ்வேர்டு ஃபைலும் உண்டு

'டாட் நெட்ஆர்சி' என்பது தளவாரியாக யூசர்நேம், பாஸ்வேர்டு சேமிக்கும் பழைய ஃபைல். கர்ல், கேட்டால்தான் இதைப் படிக்கும். டபிள்யூகெட் தானாகவே பார்க்கும். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியும் தானாகப் படிக்கும். அதே தளத்துக்கான விவரம் இந்த ஃபைலில் இருந்தால், நீங்கள் கோடில் கொடுத்த ஆத்தரைசேஷன் ஹெடரைத் தள்ளிவிட்டு இதையே அனுப்பும். 'டோக்கன் சரிதானே, ஏன் 401 வருது?' என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

கர்ல் என்றால், அந்தச் சொல்லுக்கு அடுத்தபடியாக ஹைஃபனும் சின்ன க்யூ எழுத்தும் போட்டு அதே கட்டளையை ஓட்டுங்கள். கான்ஃபிக் ஃபைலைப் படிக்காதே என்று அர்த்தம். ஆனால், அது முதல் ஆப்ஷனாக இருக்க வேண்டும், பின்னால் போட்டால் பலன் இல்லை. டபிள்யூகெட்டுக்கு, இரட்டை ஹைஃபனோடு 'நோ-கான்ஃபிக்'. இப்போது டவுன்லோடு சரியாக நடந்தால், குற்றவாளி அந்த ஃபைல்தான்.

டபிள்யூகெட் எந்தெந்த கான்ஃபிக் ஃபைலைப் பார்க்கிறது என்று தெரிய, அதன் 'வெர்ஷன்' ஆப்ஷனைக் கொடுத்தாலே போதும், பாதையைச் சொல்லிவிடும்.

அப்போதும் சரியாகவில்லையா? ப்ராக்ஸி விவரம் ஷெல்லின் என்விரான்மென்ட் வேரியபிளிலும் இருக்கலாம். மேலே சொன்ன ஆப்ஷன்கள் அதைத் தொடாது. 'என்வ்' கட்டளை கொடுத்து, ப்ராக்ஸி என்று முடியும் பெயர்கள் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் கவனத்துக்கு

நீங்கள் எழுதும் ஸ்கிரிப்ட் இன்னொருவர் மெஷினில் ஓடும்போது, அவருடைய கான்ஃபிக் ஃபைல்தான் குறுக்கே வரும். மேக்கில் பிரபலமான ஹோம்ப்ரூ இதற்காகவே கர்லை அழைக்கும்போது கான்ஃபிக் ஃபைலை ஒதுக்கிவிடுகிறது. பயனர் தனியாக ஒரு வேரியபிளை செட் செய்தால் மட்டுமே படிக்கும். உங்கள் ஸ்கிரிப்டிலும் இதைச் செய்ய ஒரே ஒரு ஆப்ஷன்தான் தேவை. ஆனால் ஒரு விஷயம்: கம்பெனி ப்ராக்ஸியை நம்பி இருப்பவர்களுக்கு அப்போது டவுன்லோடே ஆகாமல் போகலாம். அவர்களுக்கு ஒரு மாற்று வழி வைத்துவிடுங்கள்.

அதற்காக கான்ஃபிக் ஃபைலே கூடாது என்று இல்லை. டைம்-அவுட், ரீட்ரை மாதிரி எங்கேயும் பொருந்தும் விஷயங்களை அதில் வைக்கலாம். டோக்கன், ப்ராக்ஸி போன்றவற்றை ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் தனி ஃபைலில் எழுதி, தேவைப்படும்போது மட்டும் பெரிய கே ஆப்ஷனில் கர்லுக்குக் கொடுங்கள். டோக்கன் இருக்கும் ஃபைலை மட்டும் கிட்டில் ஏற்றிவிடாதீர்கள்.

இன்றைக்கே உங்கள் 'டாட் கர்ல்ஆர்சி'யை ஒருமுறை திறந்து பாருங்கள். 'இன்செக்யூர்' என்று ஒரு வரி இருந்தால், முதலில் அதை நீக்குங்கள்.