பூனைக்குச் சொறியா? வீட்டுக் களிம்பைத் தடவ வேண்டாம்

நெல்லும் கடலையும் மூட்டை போட்டு வைத்திருக்கும் வீட்டில் ஒரு பூனை இருப்பது எவ்வளவு உதவி என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பூனைக்குக் காதோரத்தில் முடி கொட்டிப் பொருக்குத் தட்டினால், வீட்டில் யாருக்கோ சிரங்குக்கு வாங்கி மீதியிருக்கும் களிம்பை எடுத்துத் தடவிவிடுகிறோம். பூனை இறந்துபோவதற்கு அதுவே காரணமாகிவிடலாம்.

மனிதருக்கான சிரங்குக் களிம்புகள் பலவற்றில் 5 சதவீதம் பெர்மெத்ரின் இருக்கிறது. பருத்திக்குத் தெளிக்கும் சைபர்மெத்ரின், மாட்டு உண்ணிக்குப் பயன்படுத்தும் டெல்டாமெத்ரின் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்துதான் இதுவும். நாயின் ஈரல் இதை முறித்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலில் அதற்கான நொதி மிகக் குறைவு. அதனால் மருந்து உடலில் தங்கி நரம்பைத் தாக்குகிறது. நாய்க்கு உண்ணிக்காக முதுகில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றிலும் பெர்மெத்ரின் உண்டு. அவற்றையும் பூனைக்கு விடக்கூடாது.

போதாக்குறைக்கு, பூனை நாள் முழுக்கத் தன் உடலை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. நாம் தோலில் தடவுவது சிறிது நேரத்தில் அதன் வயிற்றுக்குள் போய்விடும்.

வலிக்குத் தடவும் தைலங்களில் உள்ள கற்பூரம், மெந்தால், மெத்தில் சாலிசிலேட் ஆகியவையும் பூனைக்கு ஆகாது. மூட்டுவலிக்கான டைக்ளோஃபெனாக் ஜெல் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றை அழித்ததால், 2006-ல் நம் நாட்டில் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்ட அதே மருந்துதான் இது.

பூனைக்குத் தடவாவிட்டாலும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் வலிக்காகத் தங்கள் உடலில் ஃப்ளர்பிப்ரொஃபென் கலந்த மருந்தைத் தடவிக்கொண்டவர்களின் இரண்டு வீடுகளில் பூனைகள் நோயுற்றன. அவற்றில் ஒரு வீட்டில் மூன்று பூனைகள் இறந்தன. யாரும் பூனைக்கு மருந்து தடவவில்லை. அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015-ல் இதுபற்றி எச்சரித்தது. ஆகவே முழங்காலில் ஜெல் தடவினால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தடவிய இடத்தைப் பூனை நக்கவோ உரசவோ விடாதீர்கள். மருந்து பட்ட துணியிலும் படுக்க விடாதீர்கள்.

தெரியாமல் தடவிவிட்டீர்களா? எச்சில் வடிதல், காது துடித்தல், உடல் நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு ஆகியவை பெர்மெத்ரின் நஞ்சின் அறிகுறிகள். சில மணி நேரத்திலும் தொடங்கலாம், ஓரிரு நாள் கழித்தும் வரலாம். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல், பாத்திரம் கழுவும் திரவ சோப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, மருந்து பட்ட இடத்தைக் கழுவித் துடைத்து, பூனை குளிரில் விறைக்காமல் துணியில் சுற்றுங்கள். வெந்நீர் வேண்டாம், மருந்து தோலுக்குள் இறங்குவதை அது அதிகமாக்கும். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். பால் ஊற்றினால் நஞ்சு முறியும் என்பதும் சரியல்ல. ஏற்கெனவே வலிப்பு வந்துவிட்டால் கழுவிக்கொண்டிருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். களிம்பு டியூபையும் கையோடு கொண்டுபோங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் அவருக்குச் சிகிச்சை எளிது.

சரி, அந்தச் சொறிக்கு என்னதான் செய்வது? காது விளிம்பில் தொடங்கி முகம், கழுத்து என்று பரவும் சொறி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியால் வருவது. மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்வார். பூனைக்கென்றே செலமெக்டின் சொட்டு மருந்து இருக்கிறது. ஐவர்மெக்டின் ஊசியும் போடலாம், ஆனால் எடை பார்த்து மருத்துவர்தான் அளவைச் சொல்ல வேண்டும். மாட்டுக்கு வாங்கிய பாட்டிலிலிருந்து நீங்களே உறிஞ்சிப் போடாதீர்கள். மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில், ஃபினாயில் எதையும் பூசவும் வேண்டாம். வீட்டில் இரண்டு மூன்று பூனைகள் இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை கொடுங்கள், இல்லையென்றால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திரும்பத் தொற்றும். அவை படுக்கும் சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் காயப் போடுங்கள்.