காபிக்கு முந்தைய அரைமணி நேரம்

பிரஷர் மாத்திரையைத் தினமும் ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. 30 மாத்திரை வாங்கிப் போனவர் மறுபடி எந்தத் தேதியில் வருகிறார் என்று பார்த்தால் போதும். ஒரு மாதத்தை ஒட்டி வந்தால் சரி. 45ஆம் நாள் வந்து நின்றால் நடுவில் 15 நாள் விட்டுப்போயிருக்கிறது. கோவில்பட்டியில் மருந்துக்கடை வைத்திருக்கிற எனக்கு இந்தத் தேதிக் கணக்கு கைவந்துவிட்டது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள குறை இல்லை. நாள்பட்ட நோய்க்கு மருந்து எடுப்பவர்களில், பணக்கார நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் ஓர் அறிக்கையில் சொன்னது. உயிரைக் காக்கிற மாத்திரைக்கே இந்தக் கதி. தினமும் கொஞ்சம் நடக்கணும், நேரத்தோடு படுக்கணும், போனைத் தள்ளி வைக்கணும் என்று ஆங்கில வருடப் பிறப்பன்று எடுக்கிற முடிவுகள் தை பிறப்பதற்குள் காணாமல் போவதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் தேதி பிசகாமல் வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் பழக்கம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. மற்றவர்களைவிட அவர்கள் பெரிய வைராக்கியக்காரர்கள் என்று சொல்ல முடியாது. மாத்திரை எப்போது போடுவீர்கள் என்று கேட்டால் மணி சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். "பல் தேச்சு முகத்தத் தொடச்சதும்" என்பார்கள். "சாமிக்கு வெளக்கேத்திட்டு", "பேரன ஸ்கூல் வேன்ல ஏத்திவிட்டு வந்ததும்" என்பார்கள். வீட்டில் ஏற்கெனவே தானாக நடக்கிற ஒரு வேலையின் வாலைப் பிடித்துக்கொண்டு மாத்திரையும் வந்துவிடுகிறது. "காலைல எட்டு மணிக்கு" என்று சொல்கிறவர்தான் பெரும்பாலும் 45ஆம் நாள் வருகிறவர். எட்டு மணிக்கு அவர் பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பார். போனில் அலாரம் அடிக்கும். அணைத்துவிடுவார். மாத்திரை அட்டை வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் கிடக்கும்.

பிரிட்டனில் பாஸ்கல் ஷீரன், ஷீனா ஆர்பெல் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதை வைட்டமின் சி மாத்திரையை வைத்தே சோதித்துப் பார்த்து 1999இல் எழுதினார்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில் சாப்பிடுவேன் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்தவர்கள், எழுதாதவர்களைவிடக் குறைவாகவே தவறவிட்டார்கள். சாப்பிட வேண்டும் என்ற எண்ணம் எழுதாதவர்களுக்கும் இருந்தது. எண்ணத்துக்கு ஓர் இடம்தான் கிடைக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2015இல் சொன்னது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: போன் நினைவூட்டினால் அன்றைய வேலை நடந்துவிடுகிறது, ஆனால் பழக்கமாக ஊறுவது தடைபடுகிறது. நாம் போனுக்குத்தான் பழகுகிறோம்.

தைராய்டு மாத்திரைக்காரர்களிடம் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். அதை எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். பிறகு அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை ஒன்றும் சாப்பிடக் கூடாது. காபி கூடவே கூடாது, மருந்து உடம்பில் சேர்வதை அது குறைத்துவிடும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை 4 மணி நேரம் தள்ளித்தான் போட வேண்டும். இதைச் சொன்னதும் பெண்கள் முகம் சுருங்கிவிடும். எழுந்ததும் காபி இல்லாமல் அரைமணி நேரமா?

தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிற அக்கா ஒருவர் இதைக் கேட்டுச் சண்டைக்கே வந்துவிட்டார். "அந்த அரைமணி நேரம் நான் என்னத்தச் செய்ய?" சில மாதம் கழித்து அவரே அந்தக் கதையைச் சொன்னார். ராத்திரியே ஒரு செம்புத் தண்ணீரும் மாத்திரையும் தலைமாட்டில் வைத்துவிடுகிறார். எழுந்ததும் போட்டுக்கொண்டு, வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார். அதற்குப் பிறகும் நேரம் மிச்சம் இருக்கிறது. உள்ளே போனால் கை தானாகக் காபித்தூள் டப்பாவுக்குப் போய்விடும் என்று வாசல்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். போன் உள்ளே சார்ஜில் கிடக்கும். "மொதல்ல நாலு பேர் பாக்க உக்காரவே கூச்சமா இருந்துச்சும்மா. இந்த வயசு வரைக்கும் காலைல நான் சும்மா உக்காந்ததே கெடையாது. இப்ப, அன்னைக்கு யார்ட்ட என்ன பேசணும், எதை விட்றணும், எல்லாம் அங்கனயே முடிவாயிரும்" என்றார்.

தினமும் அரைமணி நேரம் அமைதியாக உட்காருங்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் அதைக் காதிலேயே வாங்கியிருக்க மாட்டார். சொல்லவும் கூடாது என்பது என் எண்ணம். விடியுமுன்னே எழுந்து சமைத்து வைத்துவிட்டு வேலைக்கு ஓடுகிற பெண்ணிடம் போய் மனதுக்கு நேரம் ஒதுக்கு என்று சொல்வது, வேலைப் பட்டியலில் இன்னொன்றைக் கூட்டுகிற காரியம். இங்கே நடந்தது வேறு. உட்கார்ந்திருக்க வீடு ஒத்துக்கொள்கிற ஒரு காரணம் அவருக்குக் கிடைத்தது. "ஏம்மா, காபி ஆகலையா?" என்று உள்ளிருந்து குரல் வந்தால், "மாத்திரை போட்ருக்கேன், இரு" என்கிறார். அதற்கு யாரும் எதிர்த்துப் பேச முடியாது. அமைதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் காரணத்தைத் தேடிக் கொடுப்பதில்லை. மன உறுதியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

குழாயில் தண்ணீர் வருகிற நாளில் அக்காவின் அரைமணி நேரம் போய்விடும், குடத்தோடு ஓட வேண்டும். மறுநாள் மறுபடி படியில் இருப்பார். இப்படி ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் கெட்டது என்று பலர் நினைத்து மொத்தமாகவே விட்டுவிடுகிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. லண்டனில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, மத்தியானச் சாப்பாட்டோடு என்று ஏற்கெனவே உள்ள ஒன்றோடு ஒரு புதுப் பழக்கத்தைச் சேர்ப்பதுதான் அவர்களுக்குக் கொடுத்த வேலை. யோசிக்காமல் செய்கிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. 18 நாளில் பழகியவரும் உண்டு, 254 நாள் ஆகும் என்று கணக்கானவரும் உண்டு. தண்ணீர் குடிப்பது போன்ற சின்ன வேலை சீக்கிரம் ஒட்டியது, உடற்பயிற்சிக்கு நாள் பிடித்தது. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை. எல்லோரும் சொல்கிற 21 நாள் கணக்கு, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது. அறுவைசிகிச்சைக்குப் பிறகு புது முகத்துக்குப் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்றுதான் அவர் கவனித்தார். அந்தக் 'குறைந்தது' வழியில் எங்கோ உதிர்ந்துபோனது. 22ஆம் நாளும் சிரமமாக இருக்கிறதே என்று மனம் நோகிறவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

புதுப் பழக்கத்தைத் தொங்கவிடுகிற கொக்கியை எங்கே மாட்டுகிறோம் என்பது ரொம்ப முக்கியம். அரசு பஸ் டிரைவர் அண்ணாச்சி ஒருவருக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும், சாப்பாட்டு நேரமும் மாறும். காக்கிச் சட்டைப் பையில் மாத்திரை அட்டையை வைத்து, பட்டன் போடும்போது போட்டுக்கொள்ளலாம் என்று இரண்டு பேருமாக முடிவு செய்தோம். டியூட்டி நாளில் கச்சிதமாக நடந்தது. ஓய்வு நாளில் சட்டை கொடியில் தொங்கியது, மாத்திரையும் பைக்குள்ளேயே இருந்தது. பிறகு பல் தேய்க்கிற பிரஷ் டப்பாவுக்கு மாற்றினார். எந்த ஷிப்டானாலும், லீவானாலும் பல் தேய்க்கத்தானே வேண்டும்.

ராத்திரி கடை அடைக்கிற நேரத்தில் சிலர் வந்து குரலைத் தாழ்த்தி, "தூக்கத்துக்கு ஒண்ணு குடுங்கக்கா" என்பார்கள். அல்பிரசோலம் மாதிரியான மாத்திரைகள் ஹெச்1 அட்டவணையில் இருக்கின்றன. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதி அது. டாக்டர் சீட்டு இல்லாமல் தரக் கூடாது. சீட்டோடு தந்தாலும் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். முடியாது என்று சொல்லி அப்படியே அனுப்ப மனசு வராது. படுத்ததும் என்ன ஓடுது என்று கேட்பேன். சீட்டுப் பணம், பிள்ளையின் ஃபீஸ், கேஸ் புக் பண்ணவில்லை என்று நாளைய வேலைகள்தான் வரிசையாக வரும்.

அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்கல்லின் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்துப் பார்த்தார். ஆய்வு 2018இல் வெளியானது. படுக்குமுன் 5 நிமிடம் உட்கார்ந்து, இனிச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஏறக்குறைய 9 நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். எழுதியது எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. 9 நிமிடம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். புரண்டு படுக்கிறவருக்குத் தெரியும்.

என் கொக்கி கல்லாப்பெட்டி. வசூலை எண்ணிக் கட்டி ரப்பர் பேண்ட் போடாமல் நான் ஒருநாளும் ஷட்டரை இறக்கியதில்லை. ரப்பர் பேண்ட் விழுந்ததும், மருந்துக் கம்பெனி ரெப் கொடுத்த டைரியை எடுத்து மறுநாள் வேலைகளை எழுதுவேன். இன்சுலின் ஸ்டாக் பார்க்க. தேதி முடிந்த சிரப்புகளை ரிட்டர்னுக்குப் பிரிக்க. அம்மாவுக்குப் பல் டாக்டர். அதோடு சரி, அழகாகவெல்லாம் எழுதுவதில்லை. வீட்டில் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது, அங்கே அதைத் தொங்கவிட இடமில்லை.

கேட்டு வருகிறவர்களுக்கு மருந்து உறையின் பின்பக்கம் இதையே எழுதிக் கொடுக்கிறேன்: "___ முடிந்ததும், ___." முதல் கோட்டில் அவர் தினமும் தவறாமல் செய்கிற ஒன்று. இரண்டாவதில் 5 நிமிடத்துக்குள் முடிகிற ஒன்று. அவர் கையாலேயே நிரப்பச் சொல்வேன். முதல் கோட்டை நிரப்பத்தான் எல்லோரும் ரொம்ப நேரம் யோசிக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்கிறவர்களுக்கு இந்தக் கோடு போதாது, அவர்கள் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். அவர்களுக்கு உறையில் 14416 என்று எழுதுகிறேன். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.