மணிக்கு 4.5 மில்லி

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஒருவரைக் கொண்டுவந்ததும் கூட வந்தவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, "அப்பா எத்தனை கிலோ இருப்பாரு?" இந்த நேரத்தில் எடையா முக்கியம் என்று சிலர் முறைப்பார்கள். "அறுபதுலேர்ந்து எண்பதுக்குள்ள இருக்கும் சிஸ்டர்" என்று சிலர் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். அந்த இருபது கிலோ எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

வார்டில் பெரியவர்களுக்கு ஏற்றும் சாதாரண சலைனில் இந்தச் சிக்கல் குறைவு. 500 மில்லி பாட்டில் 8 மணி நேரத்தில் இறங்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருப்பார். ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்பது டிரிப் செட்டின் கவரிலேயே இருக்கும். 20 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10,000 சொட்டு, 480 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 சொட்டு. கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டை எண்ணிக்கொண்டே ரோலரை உருட்டி அந்த வேகத்துக்குக் கொண்டுவருவோம். மைக்ரோ செட்டில் மில்லிக்கு 60 சொட்டு. மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. வகுக்கிற வேலையே இல்லை.

இரத்த அழுத்தம் விழுந்துவிட்டவருக்குக் கொடுக்கும் மருந்து வேறு ரகம். இப்போது பெரும்பாலும் நார்அட்ரினலின்தான் போடுகிறோம். ஆனாலும் மாணவிகளுக்குக் கணக்குச் சொல்லித்தர எனக்கு டோபமின்தான் வசதி. ஆர்டர் இப்படி இருக்கும்: ஒரு கிலோ எடைக்கு, ஒரு நிமிடத்துக்கு, 5 மைக்ரோகிராம். நோயாளி 60 கிலோ என்றால் நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம், மணிக்கு 18,000. அதாவது 18 மில்லிகிராம். 200 மில்லிகிராம் ஆம்பியூல் ஒன்றைச் சலைனோடு கலந்து 50 மில்லி சிரிஞ்சை நிரப்பினால் ஒரு மில்லியில் 4 மில்லிகிராம் இருக்கும். 18ஐ 4ஆல் வகுத்து, சிரிஞ்ச் பம்ப்பில் மணிக்கு 4.5 மில்லி என்று வைப்போம். அதே ஆளை 80 கிலோ என்று சொல்லியிருந்தால் 6 மில்லி வைத்திருப்போம்.

கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்குதான். இடறுவது வேறு இடத்தில். முந்தைய ஷிஃப்டில் அதே சிரிஞ்சில் இரண்டு ஆம்பியூல் கலந்து, அதை ஸ்டிக்கரில் எழுதாமல் போயிருந்தால், பம்ப்பில் அதே 4.5 ஓட, உள்ளே போவது இரண்டு மடங்கு. இன்சுலினிலும் இந்த ஆபத்து உண்டு. நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் வயலும் இருக்கிறது, 100 யூனிட் வயலும் இருக்கிறது. 50 யூனிட் வேண்டுமென்றால் முதலாவதில் 1.25 மில்லி எடுக்க வேண்டும், இரண்டாவதில் அரை மில்லி. வயலைத் திருப்பிப் படிக்காமல் கை பழக்கத்தில் எடுக்கிறவரை நான் பக்கத்தில் நின்று படிக்கச் சொல்வேன். என்னைச் சிடுமூஞ்சி என்கிறார்கள், இருக்கட்டும்.

2006இல் கனடாவின் எட்மண்டன் நகரப் புற்றுநோய் மருத்துவமனையில் நடந்ததை ஒவ்வொரு புது பேட்சுக்கும் சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கு ஃப்ளூரோயூராசில் மருந்து நான்கு நாள் ஏற வேண்டும். பம்ப்பில் மணிக்கு 1.2 மில்லி என்று வைத்திருக்க வேண்டும். லேபிளில் 24 மணி நேரத்துக்கு 28.8 மில்லி என்றும் இருந்தது. கணக்கில் 24ஆல் வகுக்கும் படி விடுபட்டது. பம்ப்பில் 28.8 ஏறியது. நான்கு நாள் மருந்து நான்கு மணி நேரம் சொச்சத்தில் உடம்புக்குள் போய்விட்டது. அந்தப் பெண் சில வாரங்களில் இறந்துபோனார். இத்தனைக்கும் இரண்டு நர்ஸ்கள் சரிபார்த்திருந்தார்கள். தவறான விடை லேபிளில் இருந்த ஓர் எண்ணோடு ஒத்துப்போனதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அதனால் இரண்டாமவரைச் சரிபார்க்கக் கூப்பிடும்போது நான் என் விடையைக் காட்டுவதில்லை. ஆர்டர், எடை, ஸ்டிக்கர் மூன்றையும் கொடுத்துத் தனியாகப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். விடையை முதலிலேயே சொல்லிவிட்டு "சரிதானே?" என்று கேட்பது சரிபார்ப்பே இல்லை. ஆள் பற்றாக்குறையில் இது நேரம் தின்கிறது என்று சொல்கிறவர்களோடு எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

உங்களிடம் கேட்டுக்கொள்வது கொஞ்சம்தான். எடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், நாங்கள் எடைபோட வழி பார்த்துக்கொள்கிறோம். பாட்டில் சீக்கிரம் முடியட்டும் என்று ரோலரை உருட்டாதீர்கள்; இதயமும் சிறுநீரகமும் பலவீனமானவர்களுக்கு வேகமாக ஏறும் சலைனே நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணற வைக்கும். பம்ப் அலாரம் அடித்தால் பட்டனை அமுக்காமல் சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.